உஸ்மான் சாலைப் பட்டுக்கடையும் விற்பனைப் பெண்களும்

சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் உள்ள பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. சரக்கில் குறை சொல்ல இடமில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் நிறங்கள் ஏராளம். நான் பார்த்த சேலைகளில் எல்லாம், தூய பட்டு என்று சான்று தரும் சில்க் மார்க் அட்டை இருந்தது. ஆனால் இதே தரத்துக்கு அந்தச் சாலையிலேயே வேறு கடைகளும் உண்டு. இங்கே மறுபடியும் போகத் தோன்றுவதற்குக் காரணம், சேலையை விரித்துக் காட்டும் பெண்கள்தான்.

முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தால், வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை அபிப்பிராயம் இருக்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் கைபேசியில் படத்தைக் காட்டி, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் கேட்டார், நீலமே ஆகாது என்று அவருடைய அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுத்தர வயதுள்ள அந்த விற்பனையாளர் இருவரில் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அரக்கு நிறச் சேலை ஒன்றை எடுத்து, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா, தனியா வைக்கட்டுமா?" என்று அத்தையின் மடியில் வைத்தார், பிறகு, "டியூப்லைட்ல கறுப்படிக்கும், வெளிச்சத்துல பாரு பாப்பா" என்று நீலச் சேலையோடு மணப்பெண்ணை ஜன்னலருகே அழைத்துச் சென்றார். மேடை முழுக்கச் சேலைகள் குவிந்த பிறகு, வேறு கடையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அந்தக் குடும்பம் எழுந்துவிட்டது. "நல்லா பாத்துட்டு வாங்கம்மா" என்று வழியனுப்பியவர், சரிகை முறியாதபடி பழைய மடிப்பு பார்த்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன கலர்ல பார்க்கணும்?" என்றார். குரலில் சலிப்பே இல்லை. (எனக்கே கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது.)

இந்த வேலையை வெறும் சிரித்த முகத்தை வைத்துச் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாடிக்கையாளரின் எரிச்சலை அடுத்தவரிடம் கொண்டுபோகாத மனமும், கூட்டம் சேரச் சேர உற்சாகம் கூடும் இயல்பும் உள்ளவர்களுக்கே இது ஒத்துவரும். கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிப்பவர்கள் மாலைக்குள் களைத்துவிடுவார்கள். அந்த இயல்பு உள்ளவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறது இந்தக் கடை.

அவர்களை வைத்துக்கொள்ளும் விதம்தான் சரியில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று, கேரளம் 2018இல் செய்ததைப் போலவே, தமிழ்நாடும் 2021இல் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்வது இன்று அவர்களின் உரிமை. இங்கே விற்பனை மேடைக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருக்கின்றன, அவற்றின்மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வாங்காமல் எழுந்துபோன குடும்பத்தைப் பற்றி மேற்பார்வையாளர் எல்லோர் காதிலும் விழும்படி விளக்கம் கேட்டதும் உறுத்தலாக இருந்தது. நாள் முழுக்கச் சிரித்துப் பேசுபவரை நிற்க வைத்தே கேள்வி கேட்டால், அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பில் போடும் இடம் தனிச் சோதனை. பணம் கட்ட ஒரு வரிசை, பொட்டலம் வாங்க இன்னொரு வரிசை, இரண்டிலும் நகர்வு மந்தம். மேலே மலர்ந்த முகத்தோடு இறங்கியவர்கள் கீழே யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள் என்பதைப் பில்லின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டு எடுக்க இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். ஆடித் தள்ளுபடி நாட்களைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போனால் ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க நேரம் கிடைக்கும். விரித்துக் காட்டுபவருக்கும் சற்று உட்கார முடியும், ஸ்டூலில் இருக்கும் பெட்டிகளை யாராவது இறக்கி வைத்தால்.