நகரத்தைப் படிக்க ஆசையா? பி.பிளானா, சமூகவியலா?

நகரங்கள் மேல் ஆர்வம் உள்ள பிளஸ் டூ மாணவருக்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று பி.பிளான், அதாவது நான்கு வருட நகரத் திட்டமிடல் பட்டம். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்லூரிகளில் படிக்கலாம். ஜேஇஇ மெயினின் 2பி தாள் எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணக்கு கட்டாயம். ஆர்க்கிடெக்சருக்கான 2ஏ தாளில் வருகிற டிராயிங் தேர்வு இதில் இல்லை. படம் வரைய வராதே என்று பலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

இன்னொன்று சமூகவியல். மூன்று வருட பி.ஏ., நுழைவுத் தேர்வு இல்லாத கல்லூரிகள் நிறைய, செலவும் பெரும்பாலும் குறைவு.

வித்தியாசம் புரிய சென்னையின் கண்ணகி நகரைப் பாருங்கள். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்தவர்களுக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் கட்டிய குடியிருப்பு. பிளானிங் மாணவர் நில வரைபடத்தை விரிப்பார்: எத்தனை வீடு, தண்ணீர் எங்கிருந்து, பஸ் எந்த வழி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எவ்வளவு பக்கம். சமூகவியல் மாணவர் வாசலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்த்த அம்மா இப்போது எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்? அந்த வேலையே போய்விட்டதா?

எனக்கு சமூகவியல் மாணவரின் கேள்விகள்தான் பிடிக்கும். ஆனால் சம்பளம் என்று வந்தால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாதிரி இடங்களில் திட்டமிடுநர் வேலைக்குக் கைகொடுப்பது பிளானிங் பட்டம். சரி, சமூகவியல் முடித்தவருக்கும் கதவு அடைபடவில்லை, அப்புறம் எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பில் சேர நினைத்தால் மட்டும், எந்தெந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று அந்தந்தக் கல்லூரியில் இப்போதே விசாரித்துவிடுங்கள்.