குடல் அடைப்புக்கு ஸ்டென்ட்டா, பையா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது, அதில் ஒன்று எங்கள் வீடு. அம்மாவுக்குப் பெருங்குடல் புற்று, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோ இரண்டு சுற்று முடிந்ததும் மலம் போகவில்லை. வாந்திக்குக் கொடுத்த ஆன்டான்செட்ரானும் வலிக்கான மார்ஃபினும் மலச்சிக்கல் உண்டாக்கும் என்று தெரியும், அதனால் மலமிளக்கி கொடுத்துக்கொண்டு மூன்று நாள் கடத்தினோம். பெரிய தப்பு. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் அது அடைப்பு. வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

ஸ்டென்ட் என்றால் அடைத்த இடத்தில் உலோக வலைக்குழாய் வைத்து விரிப்பது. கொலாஸ்டமி என்றால் குடலை வயிற்றின் மேல் திறந்து பை ஒட்டுவது. ஸ்டென்ட்டுக்குப் பெரிய கீறல் கிடையாது, சீக்கிரம் வீடு திரும்பலாம், கீமோவும் சீக்கிரம் தொடரும். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

நாங்கள் பைக்குப் போனது ஒரே காரணத்தால். அடுத்த சுற்றில் பெவாசிசுமாப் சேர்ப்பதாக இருந்தது. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கிற மருந்து அது, ஆனால் குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் அதற்கு உண்டு. ஸ்டென்ட்டோ உள்ளேயிருந்து குடல் சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கீமோவில் வெள்ளையணு இறங்கிக் கிடக்கிற நேரத்தில் குடல் கிழிந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகு அப்பா ஸ்டென்ட் பேச்சையே எடுக்கவில்லை. பை வைத்தாலும் சும்மா இல்லை, புண் ஆறுவதற்காகக் குறைந்தது 28 நாள் அந்த மருந்தைத் தள்ளிவைப்பார்கள். சரி, நாள் எண்ணிக்கொண்டு உட்கார எங்களால் முடியும்.

பையைப் பார்த்து அத்தை அழுதார். எனக்கும் முதல் வாரம் கை நடுங்கியது, அப்புறம் பழகிவிட்டது. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில்தான் பசை நெகிழ்ந்து கழன்றுவிடும், தோலைக் கழுவி ஈரமே இல்லாமல் துடைத்தபிறகே ஒட்டவேண்டும். முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றி, வயிற்றில் திறந்த குடல்வாய் சிறுத்துக்கொண்டே வரும், அதனால் பையின் ஒட்டும் பகுதியில் ஓட்டையைப் பழைய அளவிலேயே வெட்டாமல் ஒவ்வொரு தடவையும் அளந்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். சாப்பாட்டில் ஒரு லாபம்: ஸ்டென்ட் இருந்தால் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அம்மாவோ புரட்டாசி முழுக்க சுகர் பீன்ஸ் கறியும் கீரையுமாகச் சாப்பிட்டார். பை பலூனாக உப்பியது, அவ்வளவுதான்.

ஸ்டென்ட் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. எதிர்வீட்டு மாமாவுக்கு வைத்தார்கள், ஏழு மாதமாகத் தொந்தரவு இல்லை; அவருக்குப் பெவாசிசுமாப் கிடையாது. ஆபரேஷனைத் தாங்க முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்தவருக்கு நானே ஸ்டென்ட் என்றுதான் சொல்வேன். வயிற்றுக்குள் பல இடத்தில் அடைத்திருந்தால் இரண்டுமே பெரும்பாலும் உதவாது, அது வேறு கதை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள்: இதற்கு அடுத்து எந்த மருந்து ஏற்றப் போகிறீர்கள்?