மாலை ஆறு மணி, எந்த ஊரில்?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் மச்சாள் ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அமெரிக்கக் கல்லூரி ஒன்று, ஒன்லைன் வகுப்பு, எட்டு வாரம், மாலை நேரம், 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் படிப்பு அலகு). பகலில் அவருக்கு வேலை. பின்னேரம் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்க வேண்டும். "மாலை வகுப்பு எண்டால் எனக்குத் தோதுதானே?" என்றார்.

"யாருடைய மாலை மச்சாள்?" என்று கேட்டேன்.

நியூயோர்க்கில் மாலை ஆறு மணி என்பது குளிர்காலத்தில் எங்களுக்கு மறுநாள் விடிய 4.30. கோடையில் அவர்கள் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிடுவதால் 3.30. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும் 15 வாரப் பருவத்தில் சேர்ந்தால் நவம்பரின் முதலாவது ஞாயிறோடு வகுப்பு நேரம் ஒரு மணித்தியாலம் நகரும். அதைக் கவனிக்காதவர் அடுத்த வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெறும் திரையைப் பார்த்திருப்பார். கலிபோர்னியாவின் மாலை ஆறோ எங்களுக்குக் காலை 6.30 அல்லது 7.30, பாடசாலை வான் ஹோர்ன் அடிக்கிற நேரம். இலண்டன் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும்: இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30.

ஆகவே வெளிநாட்டு வகுப்பென்றால் முதலில் பார்க்க வேண்டியது அது நேரலையா, பதிவு செய்த பாடமா என்பது. பதிவு செய்ததென்றால் நேர வித்தியாசம் எங்களுக்கே சாதகம். ஞாயிறு நள்ளிரவுக்குள் ஒப்படை அனுப்பச் சொன்னால், நியூயோர்க் நள்ளிரவு இங்கே திங்கள் காலை 9.30 அல்லது 10.30. அவர்களுடைய ஞாயிறு முடிகிறபோது எங்களுக்கு ஒரு முழு இரவு கூடுதலாகக் கிடைத்திருக்கும். நேரலை என்றால் எட்டு வாரம் விடியப்புறத்தில் எழும்பி, பிறகு ஒபிசில் தூங்கி விழ வேண்டியதுதான். என்னைக் கேட்டால் வேண்டாம்.

அடுத்தது அந்த "எட்டு வாரம்". அமெரிக்க வழக்கில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 வாரத்துக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு, இரண்டு மணித்தியாலம் வீட்டு வேலை. 3 கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணித்தியாலம். அதே பாடத்தை எட்டு வாரத்துக்குள் அடைத்தால் கிழமைக்கு 17 மணித்தியாலம். குறுங்கால வகுப்பில் குறைவது நாட்காட்டி மட்டும், வேலை குறையாது. இரவு எட்டரைக்குப் பிள்ளைகள் படுத்தபின் பத்தரை வரை படிக்கலாம் என்ற மச்சாளின் கணக்கு ஐந்து நாளுக்குப் பத்து மணித்தியாலம்தான் தரும். மிச்சம் ஏழையும் சனி, ஞாயிறில் எடுக்க வேண்டும். கோயில், கலியாணவீடு, மாமியின் கிளினிக் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு நாள்தான் மிஞ்சியிருக்கிறது.

இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றல். 3 கிரெடிட் என்றால் 150. அதே 150 மணித்தியால வேலைக்கு ஐரோப்பாவில் 5 அல்லது 6 கிரெடிட் எழுதுவார்கள், பிரித்தானியாவில் 15. "15 கிரெடிட்" என்று கண்டு வாயைப் பிளக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உள்ளூர் வழிகளில் முதலாவது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 முதல் நடக்கிறது, அரச பல்கலைக்கழகம், பட்டத்துக்கு அங்கீகாரம் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உயர்தரத்தில் சறுக்கியவர்களுக்கும் அடிப்படைக் கற்கை வழியாக ஒரு கதவு உண்டு. ஆனால் இது மாலை வகுப்பு இல்லை. பாடப் புத்தகத்தை வைத்து நாமே படிக்க வேண்டும். டே ஸ்கூல் எனப்படும் நேரில் போகும் வகுப்பு பெரும்பாலும் வார இறுதியில் வரும். மட்டக்களப்பு பிராந்திய நிலையத்துக்குப் போக வேண்டி வந்தால் கிண்ணியா, மூதூர், வாகரை என்று பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பயணம் எவ்வளவோ பரவாயில்லை. அதற்கு முந்தி பாதை எனப்படும் மிதவையில் ஏறி அக்கரை போனவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. எனப்படும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், 2000இல் தொடங்கியது. எனக்கு இதில் பிடித்தது படிக்கட்டு அமைப்பு. முதலாம் ஆண்டுப் பாடங்களை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். நடுவில் நின்றாலும் கையில் ஒரு தாள் இருக்கும். மொழி ஆங்கிலம். பரீட்சைக்குக் கொழும்பென்றால் இரவுக் கோச்சியில் போய் இறங்கி, முகம் கழுவி, மண்டபத்துக்குப் போகலாம்.

திருகோணமலை நகரத்திலேயே உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்கள் இருக்கின்றன. ஒன்லைன் அல்ல என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

கோர்செரா, எட்எக்ஸ் போன்ற ஒன்லைன் பாடத் தளங்கள் வேறு சாதி. இரண்டும் 2012இல் தொடங்கியவை. பாடம் தரமானது, விலை மலிவு, எந்த இரவிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலான பாடங்களுக்குக் கிடைப்பது சான்றிதழ், கிரெடிட் அல்ல. இந்த இடத்தில் நானே சூடு பட்டவன். ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாத ஒன்லைன் கோர்ஸ் முடித்து, பெரிய முத்திரை போட்ட தாளோடு பட்டப்படிப்பில் அதே பாடத்தைத் திரும்பப் படிக்காமலிருக்கப் பாடவிலக்குக் கேட்டுப் போனேன். அதை வாங்கிப் பார்த்த கந்தோர் அம்மா மிகவும் மரியாதையாகத் திருப்பித் தந்தார். கிரெடிட் எத்தனை என்று அந்தத் தாளில் எங்குமே எழுதியிருக்கவில்லை.

சான்றிதழுக்கும் கிரெடிட்டுக்கும் நடுவே ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடும் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் சில ஒன்லைன் பாடங்களுக்குப் பதிவுக்கு 25 டொலர் வாங்கி, முடிவில் பெறுபேறு பிடித்திருந்தால் மட்டும் 400 டொலர் கட்டிக் கிரெடிட்டாக மாற்றும் முறையை வைத்தது. பிடிக்காவிட்டால் அந்தப் புள்ளி பதிவேட்டில் ஏறாது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் தோற்கும் செலவு 7,500 ரூபா, வெல்லும் செலவு 127,500. அமெரிக்கப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். இப்படி 40 பாடம். திருகோணமலையில் சம்பளம் எடுத்து அந்த ஏணியில் கடைசிவரை ஏற நினைப்பது சரிவராது.

அப்படியானால் யாருக்கு அது? அமெரிக்காவில் படிக்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு. அவர்கூட, போகப்போகும் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்று பணம் கட்ட முந்தியே ஈமெயிலில் கேட்டு, பதிலை வைத்திருக்க வேண்டும். கிரெடிட்டைக் கொடுப்பது ஒரு கல்லூரி, ஏற்பதா இல்லையா என்று முடிவெடுப்பது இன்னொரு கல்லூரி. இங்கே அரச வேலையில் காட்டப் போகிறவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மச்சாளுக்கு அமெரிக்கா போகும் எண்ணம் இல்லை. அவருக்கு வேண்டியது பட்டமும், அதை வைத்து அடுத்த படிக்குப் போவதும்தான். திறந்த பல்கலைக்கழகம் என்று நான் சொன்னேன். "அது எத்தினை வருஷம்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எந்தெந்த சனிக்கிழமை டே ஸ்கூல் வரும், அன்றைக்குப் பிள்ளைகளை யார் ரியூசனுக்கு ஏற்றுவது என்று கேட்டார். கேட்ட விதத்தைப் பார்த்தால், அந்த வேலை எனக்குத்தான் போலிருக்கிறது.