ஸ்பைடர்வெர்ஸ் ப்ளூ-ரே: நிறுத்திப் பார்க்க வேண்டிய படம்

சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் படமாக்குகிறவர்களில் பெரும்பாலானோர் கதையையும் நாயகனின் உடையையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கதை காகிதத்தில் எப்படி அச்சாகியிருந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். 2018இல் சோனி வெளியிட்ட 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' என்ற அனிமேஷன் படம் அச்சையும் சேர்த்தே திரைக்குக் கொண்டுவந்தது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாயனசாலைக்காக (நூலகத்துக்காக) அதன் ப்ளூ-ரே டிஸ்கை வாங்கினோம். தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளோடு புரொஜெக்டரில் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்ததன் பேரில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஓடிடியில் கிடைக்கும் படத்துக்கு டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேறு பல படங்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான், இந்தப் படத்துக்கு டிஸ்க் வேண்டும்.

காரணம் புள்ளிகள். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்திய காலத்தில், அமெரிக்க காமிக்ஸ் மலிவான தாளில் நான்கு மைகளைக் கொண்டு அச்சிடப்பட்டது. இளநிறம் வேண்டிய இடத்தில் மையைச் சிறுசிறு புள்ளிகளாக இட்டார்கள். மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் உருவத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ தனியாகப் பிதுங்கித் தெரியும். சிவகாசிக் காலண்டரில் அதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அச்சகத்தில் குறையாகக் கருதப்பட்ட இதையே இந்தப் படம் தன் இலக்கணமாக எடுத்துக்கொண்டது. கேமரா லென்ஸ் தொலைவில் உள்ளதை மங்கலாக்கும் இடத்தில், இங்கே நிறங்கள் விலகி நிற்கின்றன. படத்தின் நாயகனான சிறுவன் மைல்ஸின் கன்னத்தில் விழும் நிழலை நிறுத்திப் பார்த்தால், அது புள்ளிகளாலும் சாய்கோடுகளாலும் ஆனது என்பது தெரியும். புருவத்துக்கு மேலுள்ள சுருக்கம், முப்பரிமாண உருவத்தின்மீது ஓவியர் இழுத்த மைக்கோடு. இத்தகைய நுண்ணிய புள்ளிகள்தான் இணையத்தில் சுருக்கி அனுப்பும்போது முதலில் கரைந்துபோகின்றன. ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு; ஓடிடியில் முழு ஹெச்டி படம் ஏறக்குறைய 5 மெகாபிட்டில் வந்துவிடும். எங்கள் பக்கத்து இணைய வேகத்தில் அதுவும் பல மாலைகளில் குறைகிறது, அப்போது மைல்ஸின் கன்னம் வழவழப்பான பொம்மைக் கன்னமாகிவிடுகிறது.

காமிக்ஸ் படிக்கிறவருக்கு உள்ள பெரிய உரிமை, நேரம் அவர் கையில் இருப்பது. பக்கத்திலுள்ள ஒரு படக்கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். சினிமா அந்த உரிமையைப் பறித்துக்கொள்கிறது. இந்தப் படத்தை இயக்கிய பாப் பெர்சிகெட்டி, பீட்டர் ராம்ஸி, ராட்னி ராத்மன் மூவரும் அதை ஓரளவு திருப்பித் தர முயன்றிருக்கிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (நிலைப்படம்) ஓடும் படத்தில் பல இடங்களில் ஒரே தோற்றத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்துகிறார்கள், அதனால் ஒவ்வொரு தோற்றமும் காமிக்ஸ் கட்டம்போலக் கண்ணில் பதிகிறது. பனி மூடிய காட்டில் புதிதாக ஸ்பைடர்மேன் ஆன மைல்ஸும், வேறோர் உலகத்து ஸ்பைடர்மேனான மூத்த பீட்டரும் வலைவீசித் தாவும் காட்சியில் இதையே கதை சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும் வசதி உள்ள பிளேயரில் அந்தக் காட்சியைப் பாருங்கள்: பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பீட்டர் நகர்கிறார், மைல்ஸோ ஒன்றுவிட்டு ஒரு தடவைதான் நகர்கிறான். பழகியவரின் உடலுக்கும் பழகாதவனின் உடலுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் பொத்தானுக்காக முண்டியடித்தார்கள். இந்தப் படத்தில் ஓர் அனிமேட்டர் ஒரு வாரம் உழைத்தால் ஒரு நொடி அளவுக்கான காட்சி கிடைத்தது என்பார்கள். நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

மைல்ஸ் மொராலெஸ் 2011இல் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் சாரா பிக்கெல்லியும் படைத்த பாத்திரம். பல உலகத்து ஸ்பைடர்மேன்கள் ஒன்றுசேரும் கதை 2014இல் காமிக்ஸில் தொடர்கதையாக வந்தது. அதன் பெருங்கூட்டத்தையும் அதன் வில்லன்களையும் விட்டுவிட்டு, ஆறு பேரோடு படம் நின்றுகொண்டது நல்ல முடிவு. அதைவிட நல்ல முடிவு, மைல்ஸின் அப்பாவுடைய சகோதரர் ஆரனைப் பற்றியது. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிச் செல்லலாம்.) காமிக்ஸில் ஆரன், மைல்ஸின் ரகசியம் தெரிந்த பிறகு அவனைத் தன் திருட்டுத் தொழிலின் பகைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார், கடைசிச் சண்டையில் தன் கைக்கருவியே வெடித்துச் சாகும்போது, நீயும் என்னைப் போலத்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். படத்தில் அவருக்கு அந்த ரகசியம் முன்பே தெரியாது. வில்லன் கிங்பினின் ஆளாக ஸ்பைடர்மேனைக் கொல்லப் பிடித்திருக்கும்போது, முகமூடி விலகி மைல்ஸின் முகத்தைப் பார்த்ததும் அவர் கை தளர்கிறது, அந்தத் தயக்கத்துக்காகவே கிங்பின் அவரைச் சுட்டுவிடுகிறான். காமிக்ஸில் பையன்மீது ஒரு சாபம் விழுகிறது. படத்தில் அவனுக்கு ஒரு கடன் மிஞ்சுகிறது. மூலக்கதையின் கசப்பை விரும்புகிறவர்கள் இந்த மாற்றத்தை ஏற்க மாட்டார்கள், எனக்கோ குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கும் படத்துக்கு இதுவே பொருத்தமானதாகப் படுகிறது.

எங்கள் பிள்ளைகள் படத்தோடு உடனே ஒட்டிக்கொண்ட இடம் சண்டைக்காட்சி எதுவும் இல்லை. மைல்ஸின் அம்மா ஸ்பானிய மொழியில் பேசுகிறார், தெருவில் தெரிந்தவர்களோடு அவனும் அந்த மொழிக்கு மாறுகிறான், பள்ளியில் ஆங்கிலம். வீட்டில் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசி, தேர்வு நாளில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சூப்பர்ஹீரோ ஒருவன் தங்களைப் போலவே வாசலைத் தாண்டும்போது மொழி மாறுகிறான் என்பதை அவர்கள் வெகு இயல்பாக எடுத்துக்கொண்டார்கள்.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலந்தி கடித்த பிறகு மைல்ஸின் எண்ணங்கள் கட்டம் கட்டிய எழுத்துகளாகத் திரையில் தோன்றத் தொடங்குகின்றன, ஓசைகளும் எழுத்தாகவே தெறிக்கின்றன. நாங்கள் பார்த்தது ஆங்கில ஒலியோடும் ஆங்கில எழுத்தோடும். சப்டைட்டிலையும் திரை எழுத்தையும் ஒரே சமயத்தில் படிப்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருந்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் வெளிநாட்டுக் கதைகளை நமக்குத் தந்தபோது பாத்திரங்களின் பேச்சு வரும் பலூனுக்குள் தமிழை ஏற்றித்தான் தந்தன. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றைத் தாமே படித்தார்கள். காமிக்ஸில் எழுத்தும் படத்தின் ஒரு பகுதி. இப்படிப்பட்ட படத்தைத் தமிழில் தருகிறவர்கள் குரலை மட்டும் மாற்றினால் போதாது, திரையிலுள்ள எழுத்தையும் தமிழில் வரைந்து தர வேண்டும்.

டிஸ்கில் உள்ள கூடுதல் அம்சங்களில், நீக்கப்பட்ட காட்சிகளை முடிக்கப்படாத கோட்டோவியங்களாகவே சேர்த்துக் காட்டும் நீண்ட வடிவம், படம் வரையும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும். குறும்படமும் பேட்டிகளும் ஒருமுறை பார்க்கலாம். 117 நிமிடப் படத்தில் ஒளி வேகமாக வெட்டி மின்னும் காட்சிகள் பல உள்ளன, வலிப்பு நோய் உள்ள குழந்தைகள் இருந்தால் கவனம் தேவை. நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் பிளேயரைத் தேர்ந்தெடுக்கும்போது, ரிமோட்டில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும் பொத்தான் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.