முள்ளில்லா பிளாக்பெர்ரியா, மல்பெரியா? பெங்களூரு மாடிக்கு எது தோது?

பிளாக்பெர்ரி வைக்க ஆசைப்படும் பெங்களூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "முள் இல்லாத ரகம் கிடைக்குமா?" என்றுதான். முள்ளை ஒரு தடித்த கையுறையால் சமாளித்துவிடலாம். இந்த ஊரில் சிக்கலே குளிர் போதாததுதான்.

பிளாக்பெர்ரியின் வேர் பல வருஷம் இருக்கும், தண்டுக்கு ஆயுள் இரண்டே வருஷம். பெரும்பாலான ரகங்களில் தண்டு முதல் வருஷம் வளர்ந்து, குளிர்காலத்தில் உறங்கி, அடுத்த வருஷம் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும். அந்த உறக்கம் கலைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகம் வெளியிட்ட முள்ளில்லா ரகங்களில் நவஹோவுக்கு ஏறக்குறைய 800 மணி நேரம், அரபாஹோவுக்கு 400 முதல் 500. நம் ஜனவரி விடியற்காலையே சராசரியாக 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இவற்றை இங்கே நட்டால் இலை தளதளவென்று வரும். பழத்தை நம்பி ஜாம் பாட்டில் கழுவி வைக்க வேண்டாம்.

அதே பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட பிரைம்-ஆர்க் ஃப்ரீடம் வேறு சாதி. முள்ளும் கிடையாது, அந்த வருஷம் கிளம்பிய தண்டின் நுனியிலேயே பூத்துவிடும், அதற்குக் குளிர் தேவையில்லை. 'பிரைமோகேன்' வகை என்பார்கள். செடி விற்பவரிடம் கேட்க வேண்டியது இந்த ஒரு வார்த்தையைத்தான். இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பூக்கும்போது வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் காய்ப்பிடிப்பு குறையும், பிடித்ததும் கோணல்மாணலாக வரும். ஏப்ரலில் இங்கே 34 சர்வசாதாரணம். அதனால் கோடை மழை தொடங்கியதும் தண்டுகளை மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டு, புதுத் தளிர் ஒரு மீட்டர் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடலாம். பக்கக் கிளை விட்டு, வெயில் தணிந்த மாதங்களில் பூவுக்கு வரும். அரை டிரம் அளவுத் தொட்டி இருந்தால் நல்லது. இது சற்றுப் புளிப்பான மண் கேட்கும் செடி. உப்பேறிய போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க இடமில்லாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மல்பெரிக்கு இந்தச் சீராட்டு எதுவும் வேண்டாம். பக்கத்து ராமநகரத்தில் பட்டுக்கூட்டுச் சந்தை நடப்பதே சுற்றுவட்டாரத்தில் இந்தச் செடி தழைப்பதால்தான். கிளையைக் கவாத்து செய்து இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காயும் வந்துவிடும், வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. குறை சுவையில்: வெறும் இனிப்பு, பிளாக்பெர்ரியின் புளிப்புத் தூக்கல் இராது. மாவுப்பூச்சியும் வரும். குயிலும் கொண்டைக்குருவியும் தின்றுவிட்டுப் போட்ட எச்சம், வெள்ளையடித்த மொட்டைமாடித் தரையில் ஊதாக் கறையாக உட்கார்ந்துவிடும்.

பிளாக்பெர்ரி என்று சொல்லி மல்பெரியையே விற்பவர்களும் உண்டு. இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாகப் பால் கசிந்தால் மல்பெரி. பிளாக்பெர்ரி இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்.

மைசூர் ராஸ்பெர்ரி என்றொரு உறவுக்காரி நீலகிரிப் பக்கம் காட்டுச்செடியாக வளர்கிறாள். குளிர் அதிகம் கேட்க மாட்டாள், பழமும் கறுத்துப் பழுக்கும். ஆனால் கொக்கி கொக்கியாக முள். கலபகோஸ் தீவுகளில் புகுந்து அங்குள்ள செடிகொடிகளையே நெருக்கித் தள்ளியவள்; துணி உலர்த்தும் மாடிக்கு ஒத்துவர மாட்டாள்.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு மல்பெரிக்கு. பிளாக்பெர்ரியேதான் வேண்டும் என்பவர்கள், பிரைமோகேன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் காசைக் கொடுங்கள். மல்பெரிக்கு அந்தச் செலவும் இல்லை. தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்து பென்சில் கனத்தில், நாலு கணு உள்ள குச்சியை ஜூன் மழையில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும்.