மாஸி 1035: பதினொரு வருடமும் ஒரு ஸ்பிரிங்கும்

கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்டில் வேலை முடிந்து, என் மாஸி 1035 டிராக்டர் நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. பழைய 1035 ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று மச்சான் போனில் கேட்டதும் நேற்றுதான். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

36 எச்.பி., மூன்று சிலிண்டர், சிம்சன் என்ஜின், முன்னால் 6 கியர், பின்னால் 2. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இந்த வண்டி என்றால் சீட்டுக்கு வலப்பக்கம் இருக்கிற டிராஃப்ட் லீவர்தான், அதாவது கலப்பையின் இழுவையைப் பார்த்து ஆழத்தைத் தானாகவே சரிசெய்ய வைக்கிற லீவர். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் மேலே செம்மண், கீழே எந்த இடத்தில் செம்புறை இறுகிக் கிடக்கும் என்று தெரியாது. இறுகலில் கொழு மாட்டியதும் டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் தண்டு) முன்னால் தள்ளும், அதன் முனை ஸ்பிரிங் அமுங்கும், லிஃப்ட் தானாகவே கலப்பையை இரண்டு விரற்கடை தூக்கிவிடும். கலப்பையின் பாரமும் பின் சக்கரத்தில் ஏறுவதால் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். இறுகல் தாண்டியதும் கொழு பழைய ஆழத்துக்கே இறங்கிவிடும். நாம் லீவரைத் தொடவே வேண்டாம். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதற்கு முன்னால் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சும்மா மாட்டி இழுத்தார்கள். கலப்பை எதிலாவது சிக்கினால் வண்டியின் மூக்கு எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும், எத்தனையோ பேர் அப்படிச் செத்திருக்கிறார்கள். 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் இந்த ஏற்பாடு வந்தது. 1953-ல் பெர்குசன் கம்பெனி கனடாவின் மாஸி-ஹாரிஸோடு சேர்ந்தது, மாஸி பெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இங்கே மாஸி டிராக்டர் செய்கிற டாஃபே கம்பெனி 1960-ல் சென்னையில் தொடங்கியது. மாஸி 35-ன் வழியில் வந்ததுதான் நம் 1035.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு பட்டறையில் லிஃப்டைப் பிரித்து ஆயில் சீல் மாற்றினேன். திரும்பி வந்ததிலிருந்து கலப்பை குதிக்க ஆரம்பித்தது. ஒரு முழம் ஆழமாகப் போகும், அடுத்த முழம் மேலே வந்துவிடும். பட்டறைக்காரரைக் கேட்டால், "பழைய வண்டி அப்படித்தாங்க, டிராஃப்டைத் தொடாதீங்க" என்றார். அதே ஆள் போட்டுக் கொடுத்த கிளட்ச் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கடலைப் பட்டமே மேடும் பள்ளமுமாக உழுதேன். இப்போது வேறொருவர் பார்த்ததும் சொன்னார்: டாப் லிங்க் முனை ஸ்பிரிங்கை யோக்கில் (டாப் லிங்க் மாட்டுகிற கவையில்) சரியாக முறுக்கவில்லை. யோக்கைக் கையால் சுற்ற முடிய வேண்டும், முன்னும் பின்னும் துளிகூட ஆடக் கூடாது. என்னுடையது கால் அங்குலம் ஆடியது. அரை மணி நேர வேலை!

அதனால்தான் மச்சானிடம் எடுக்க வேண்டாம் என்றேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவர் ஊரில் அந்த லீவர் எதற்கு என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர்கூட இல்லை. டிராஃப்டைக் கட்டிப்போட்டு ஓட்டுவதற்கு 1035 எதற்கு?