சென்னை – மதுரை: டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை நம்பலாமா?

விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 420 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ரயிலில் 490 சொச்சம். மேப்பில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள், விழுப்புரத்தையும் திருச்சியையும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டே போகும். திருச்சிக்கு அப்புறம்தான் ரயில் மேற்கே திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு மதுரைக்கு இறங்குகிறது. ஆக, தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் போடும் ஒன்றேகால் மணி நேரம் என்பது இங்கே விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஏடிஆர் (இரண்டு பக்கமும் காத்தாடி சுற்றுமே, அது) என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கூடும். அது மணிக்கு 500 கி.மீ., ஜெட் 800-க்கு மேல் என்றாலும், இந்தத் தூரத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுவதால் ஜெட்டின் வேகம் அவ்வளவாக எடுபடாது. எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் கீழே இருப்பதெல்லாம் தெரியும், கதவு பின்னால் என்பதால் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்!

சரி, வீட்டிலிருந்து கணக்குப் போடுவோம். நான் குரோம்பேட்டை, போக வேண்டியது சிம்மக்கல். ஏர்போர்ட்டுக்குப் பதினைந்து நிமிடம், பெட்டி போடும் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நிற்பது, பறப்பது, பெட்டிக்காகக் காத்திருப்பது, அப்புறம் மதுரை ஏர்போர்ட் இருக்கும் பெருங்குடியிலிருந்து டாக்ஸி... நாலு மணி நேரம் ஆகிவிடுகிறது. வந்தே பாரத் தாம்பரத்தில் நிற்கும். அங்கே ஏறினால் ஐந்து மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி மதுரை ஜங்ஷன், அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். எல்லாம் சேர்த்து ஐந்தேமுக்கால். மிச்சம் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான். பெரம்பூர்க்காரருக்கு இன்னும் குறையும், ஏர்போர்ட் போய்ச் சேரவே அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமே.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் தூக்கத்திலேயே போய்விடும். அவசரம் இல்லையென்றால் என் ஓட்டு அதற்குத்தான். காலையில் போய் வேலையை முடித்துவிட்டு ராத்திரியே வீடு திரும்ப வேண்டுமென்றால் மட்டும் விமானம்.

அதிலும் திரும்பி வரும்போது யோசித்துத்தான் போடுவேன். 15 கிலோ என்று அம்மாவிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அரிசிப் பைக்கு மேலே இரண்டு தேங்காயையும் திணித்துத்தான் ஜிப்பை மூடுவார்.